ஒன்றரை மில்லிமீற்றர்

மக்டலின் அக்காவின் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு கொங்கிறீற் கல்லை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முழங்கால் உயரம், சதுரத் தலை, தலையில் சிவப்புப் பூச்சு. நான் போனபோது அந்தச் சிவப்பின் மேல் ஓர் அகப்பை கிடந்தது.

“வேற எங்ககா வைக்கிற? இருந்த இடத்த இது பிடிச்சித்து” என்றார் அக்கா. “ஞாயித்துக்கிழம பூசைக்குப் போய்த்து வந்து பாக்கன், நிக்கிது. குசினிக்குக் கதவு இல்லதானே. வந்தானுகள், கிண்டினானுகள், நட்டானுகள், போய்த்தானுகள்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கல் எந்த வரைபடத்தைப் பார்த்து நடப்பட்டதோ, அந்த வரைபடத்தைக் கீறியவள் நான். நான் போட்ட கோடு இந்தக் குசினிக்குக் கிட்டவும் வரவில்லை.

என் பெயர் வதனி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துவிட்டு, மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கணினியில் வரைபடம் கீறுகிறேன். அலுவலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வாவியைச் சுற்றி எல்லை போடுவது எங்கள் திட்டம். வாவி என்பது எழுதும்போதுதான். வாயில் வருவது ஆறு. நட்ட கல்லுக்கு ஒரு பக்கம் நிலம், மறுபக்கம் ஆறு. ஆற்றின் பக்கம் நிற்கும் கட்டடங்களை மாரி தொடங்கும் முன் உடைத்து அகற்ற வேண்டும்.

மக்டலின் அக்காவின் குசினி வீட்டுக்குப் பின்னால், றோட்டுப் பக்கம். கல் குசினிக்குள் நிற்கிறது. அப்படியென்றால் அவருடைய அடுப்பு மட்டும் நிலத்தில். அறை, ஹோல், அந்தோனியார் படம் மாட்டிய சுவர், முன் விறாந்தை எல்லாம் ஆற்றுக்குள். புருஷன் போன பிறகு அக்கா கல் சுமந்து, மண் சுமந்து கட்டிய வீடு அது. கூரை போட்டு இதுவரை ஒரு மாரிதான் கண்டிருக்கிறது.

“நீதானே புள்ள சொன்ன, உங்கட வீட்டுக்கு ஒண்டும் வராதெண்டு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

சொன்னேன்தான். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அளந்து பார்த்துவிட்டுச் சொன்னேன். ஆற்றின் கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். மாரியில் உன்னிச்சைக் குளத்தின் கதவு திறந்தால் தண்ணீர் இங்கேதான் வந்து ஏறும். முகத்துவாரத்தில் மணல் மூடிக் கிடக்கும். போக வழியில்லாமல் தண்ணீர் வயல் வட்டைகளுக்குள் ஏறும். வயல்காரர்கள் மணல் மூடிய ஆற்று வாயை வெட்டித் திற என்று சத்தம் போடுவார்கள், மீன்காரர்கள் இறாலுக்காக இன்னும் கொஞ்சம் பொறு என்பார்கள். இரு பக்கமும் ஏசி முடிந்து ஒருநாள் வாய் வெட்டுவார்கள். தண்ணீர் மளமளவென்று கடலுக்குப் போய், கரை கண்முன்னாலேயே பின்வாங்கும். ஆகவே கரையை வரைபடத்தில் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தக் கரை என்பதுதான். வாய் வெட்டுவதற்கு முன்னா, பின்னா?

நான் வெட்டுவதற்கு முன் உள்ள கரையை எடுத்தேன். தண்ணீர் ஏறக்கூடிய மட்டும் ஏறி நின்ற நேரம். முழங்கால் தண்ணீரில், அட்டை கடிக்கக் கடிக்க, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் மக்டலின் அக்கா. யாரும் அவரைக் கேட்கவில்லை. வலை காயப்போட வந்தவர், நான் தனியாகத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுச் சட்டையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். அவரே ஒரு கம்பை ஊன்றிக் காட்டினார். “இதுக்கு மேல வராது. பெரிய வெள்ளத்துக்கும் இந்தக் கம்பு மட்டும்தான்.” நான் ஜீபிஎஸ்ஸில் அந்த இடத்தின் ஆள்கூறு எண்களை எடுத்தேன். அந்தக் கம்பிலிருந்து அவருடைய குசினிக்கு எழுபத்தைந்து மீற்றர். எல்லை கம்பில்தான். அதனால்தான் சொன்னேன், ஒன்றும் வராதென்று.

பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். சொல்லும்போதே பல்லைக் கடிக்க வருகிறது.

என் படத்தின் அளவுத்திட்டம் ஒன்றுக்கு ஐம்பதாயிரம். படத்தில் ஒரு மில்லிமீற்றர், நிலத்தில் ஐம்பது மீற்றர். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். வாவி முழுவதையும் ஒரே தாளில், சுவரில் மாட்டும் அளவுக்குக் காட்ட அந்த அளவுத்திட்டம் சரி. எல்லைக்கோட்டை நான் மயிர் அளவுக்குப் போட்டேன். அவ்வளவு மெல்லிதாகப் போட்டும் அந்தக் கோடு நிலத்தில் பத்து மீற்றரை மூடும். அதனால்தான் ஒவ்வொரு கல்லுக்கும் ஆள்கூற்றைத் தனியாக எழுதிக் கொடுத்தேன். படம் பார்ப்பதற்கு, எண்கள் நடுவதற்கு. இதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

திட்டத்தைத் தொடக்கி வைக்கும் கூட்டத்துக்கு முதல்நாள் பணிப்பாளர் சிவதர்ஷன் சேர் படத்தைத் தூரத்தில் நின்று பார்த்தார்.

“கோடு தெரியுதில்லயே வதனி.”

“எல்லைக்கோடு சேர். மெல்லிசாத்தான் இருக்கும்.”

“கடைசி வரிசையில இருக்கிறவைக்கும் தெரியோணும். மேடையில இருக்கிறவைக்கும் தெரியோணும்.”

நான் மாட்டேன் என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. படத்தைப் பெனர் அடிக்கும் கடைக்கு அனுப்பிவிட்டார். கல்யாண வாழ்த்தும் மரண அறிவித்தலும் அடிக்கும் கடை. சேர் கேட்டபடி கடைக்காரர்கள் படத்தின் அளவை மாற்றாமல் கோட்டை மட்டும் மூன்று மில்லிமீற்றருக்குத் தடிப்பாக்கி, நல்ல சிவப்பு ஊற்றி, ஓரத்தில் பூ வேலையும் போட்டுக் கொடுத்தார்கள். பூ வேலைக்கு இடம் காணாமல் அடியில் இருந்த அளவுகோலை வெட்டிவிட்டார்கள். கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள்.

அதோடு அந்தப் படம் வீட்டுக்குப் போயிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதை அலுவலக ஹோலில் மாட்டினார்கள். கல் நடும் குழு, நான் எழுதிக் கொடுத்த எண்களைத் திறந்தும் பாராமல், அந்தச் சுவர்ப்படத்தில் அடிமட்டம் வைத்து மில்லிமீற்றர் எண்ணி ஆள்கூறு எடுத்தது. எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் கல் வைப்பது என்று கேட்டிருக்கிறார்கள். “சிவப்புப் பட்ட இடமெல்லாம் ஆத்துக்குச் சொந்தம், வெளி ஓரத்தில வையுங்க” என்று சேர் சொல்லியிருக்கிறார்.

உண்மையான எல்லை சிவப்பின் நடுவில். நடுவிலிருந்து வெளி ஓரத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றர். நிலத்தில் எழுபத்தைந்து மீற்றர். மக்டலின் அக்காவின் அடுப்படி.

நான் சேரின் அறைக்குப் போனேன். அவருடைய அறை ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. பெரிய கண்ணாடி யன்னல், நல்ல காற்று.

“சேர், அது காட்டுறதுக்குப் போட்ட கோடு. அளக்கிறதுக்கு இல்ல.”

“படத்தில உள்ளதுதானே நிலத்திலயும் வரும்? இல்லாட்டி என்னத்துக்குப் படம்?”

“படத்தில தேவாலயத்துக்கு ரெண்டு மில்லிமீற்றரில ஒரு சிலுவ போட்டிருக்கன் சேர். அடிமட்டம் வச்சா அது நூறு மீற்றர். எந்தத் தேவாலயம் சேர் நூறு மீற்றர் அகலம்? அடையாளம் எப்பவும் பொருள விடப் பெரிசாத்தான் கிடக்கும். கோடும் அடையாளம்தான்.”

“கல் நட்டாச்சு வதனி. நட்ட கல்ல ஆர் புடுங்குற? ஒரு கல்லப் புடுங்கினா எல்லாரும் வந்து நிப்பாங்க.”

“எல்லாற்ற கல்லும் பிழைதானே சேர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களுக்கு அந்தப் பொம்பிளையத் தெரியும் எண்டு கேள்விப்பட்டன். தெரிஞ்ச ஆக்களுக்காகக் கோட்ட வளைக்க ஏலாது.”

அறைக்கு வெளியே வந்து, குடிதண்ணீர்க் குழாயடியில் நின்று, ஒரு கிளாஸ் தண்ணீரைப் பிடித்து, குடிக்காமலே கீழே ஊற்றினேன். கோட்டை வளைக்கிறேனாம். பத்து மீற்றரை நூற்றைம்பது மீற்றராக வீங்க வைத்தவர் சொல்கிறார், நான் வளைக்கிறேனாம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கிழமையும் போய்ச் சொன்னேன். கடைசியில் என் தலைக்கறுப்பைக் கண்டாலே தொலைபேசியைக் காதில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்.

நான் ஒவ்வொன்றையும் அக்காவிடம் சொல்வேன். அவர் அடுப்பூதியபடி கேட்பார். ஒருநாள் தலையை நிமிர்த்தினார்.

“ஒரு மில்லிமீற்றர் எண்டா ஐம்பது மீற்றர். அப்பிடித்தானே?”

“ஓம்.”

“அந்தச் செவப்புக் கோடு டவுனுக்குள்ளாலயும் போகுதா?”

“ஆத்தச் சுத்தித்தானே அக்கா போகுது.”

“அப்ப அங்க ஆர்ர குசினிக்குள்ள கல்லு நிக்கிது?”

நகரத்துக்குள் கல்லே நடவில்லை. கரையில் சுவர் இருக்கிறது, கல் தேவையில்லை என்று விட்டிருந்தார்கள். இத்தனை நாள் நான் கம்பையும் குசினியையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அதே கோடு நான் சம்பளம் வாங்கும் கட்டடத்தின் மேலாலும் போகிறது என்பதை யோசிக்கவே இல்லை.

கல் நடும் குழுவுக்குப் பொறுப்பு பிரதீஸ். நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை. அடுத்த நாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் அவரைப் பெனருக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“அந்த வீட்டுக்கு எப்பிடி எடுத்தீங்களோ, அப்பிடியே இந்த இடத்துக்கும் எடுங்க” என்று எங்கள் அலுவலகம் இருக்கும் இடத்தில் விரலை வைத்தேன்.

பிரதீஸ் அடிமட்டத்தை வைத்தார். சிவப்பின் வெளி ஓரம். எண்ணை எழுதினார். பிறகு கையிலிருந்த ஜீபிஎஸ்ஸில் அதைத் தட்டிப் பார்த்தார். ஒரு தரம் வாசலைப் பார்த்தார். திரும்பத் தட்டினார்.

“மிஸ், இது போர்ட்டிக்கோவுக்குள்ள காட்டுது.”

“போர்ட்டிக்கோவில எங்க?”

“சேர்ர வாகனம் நிக்கிற இடம்.”

“அப்ப சேர்ர அறை?”

அவர் சேரின் அறைக் கதவைப் பார்த்தார். அறை போர்ட்டிக்கோவுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்தது.

“ஒரு உதவி செய்யுங்க பிரதீஸ்” என்றேன்.

என்ன உதவி என்று சொன்னேன். அவர் அடிமட்டத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். “நான் ஆள்கூறு மட்டும்தான் சொல்லுவன் மிஸ். மண்வெட்டியத் தொடமாட்டன்.”

மண்வெட்டி பிடிக்க ஆள் இருந்தது. அக்காவின் தம்பி பஸ்தியாம்பிள்ளை, ஆற்றில் வலை போடுகிறவர், திங்கட்கிழமை விடியக் குசினிக்குள் இருந்த கல்லைக் கிண்டி எடுத்து லேண்ட்மாஸ்ரர் உழவு மெஷினின் பெட்டியில் போட்டார். அக்கா பெட்டிக்குள் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பூசைக்கு உடுக்கும் சேலை உடுத்தியிருந்தார். நான் சைக்கிளில் பின்னால் போனேன்.

அலுவலக வாசலில் காவலாளி மறிப்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார், பிரதீஸைப் பார்த்தார், சிவப்புத் தலைக் கல்லைப் பார்த்தார்.

“ஒபிஸ் வேலையா மிஸ்?”

“ஓம்.”

கேற்றை அகலமாகத் திறந்துவிட்டார். எல்லைக்கல் நடுகிறவனை இந்த ஊரில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அக்காவின் குசினிக்குள்ளும் இப்படித்தானே போயிருப்பார்கள்! பிரதீஸ் ஜீபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு முன்னே போய், பின்னே வந்து, ஓரிடத்தில் நின்றார். பஸ்தியாம்பிள்ளை நிலத்தில் பதித்த கற்களைக் கிளப்பி, குழி கிண்டி, கல்லை இறக்கி, சுற்றி மண்ணை மிதித்தார். வேலை சுத்தமாக இருந்தது. அக்கா கையைத் தட்டிவிட்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

சிவதர்ஷன் சேர் வழமையை விட நேரத்தோடு வந்தார். கொழும்பிலிருந்து மேலதிகாரிகள் வரும் நாள் அது. வாகனம் போர்ட்டிக்கோவுக்குள் திரும்பி, சடாரென்று நின்றது. சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். அக்கா அசையவில்லை.

“என்ன இது?” சேர் இறங்கினார். “ஆர் இந்தக் கல்ல இங்க நட்ட?”

“நாங்கதான் சேர்” என்றேன். “உங்கட படத்தில, உங்கட அடிமட்டத்தில, செவப்புட வெளி ஓரம். பிரதீஸ் எடுத்த எண். வேணுமெண்டா நீங்களே வச்சுப் பாருங்க, படம் உள்ளுக்குத்தான் தொங்குது.”

பிரதீஸ் நிலத்தைப் பார்த்தார். அலுவலகத்து ஆட்கள் ஒவ்வொருவராக விறாந்தைக்கு வந்தார்கள். அலுவலாக வந்து வரிசையில் நின்ற சனமும் வந்தது.

“பைத்தியமா உங்களுக்கு? கரை எங்க கிடக்கு, இது எங்க கிடக்கு? தண்ணி எந்தக் காலத்தில இங்க வந்த?”

“எண்ட குசினிக்கும் வந்ததில்ல சேர்” என்றார் அக்கா.

சேர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கேற்றைப் பார்த்தார். கேற்றுக்குக் குறுக்கே பஸ்தியாம்பிள்ளை லேண்ட்மாஸ்ரரை நிறுத்திவிட்டு அதன் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சேரின் குரல் ஏறியது.

“இது ஒரு கோடு வதனி! ஆக்களுக்குத் தெரியட்டும் எண்டு தடிப்பாப் போட்ட கோடு! கோட்டுட தடிப்பக் கொண்டுவந்து ஆராவது நிலத்தில நடுவாங்களா?”

வரிசையில் நின்ற ஒரு வயல்காரர் மெல்ல இருமினார். சேர் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுவிட்டார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. நான் ஒரு மாதமாக அவருடைய அறையில் நின்று, கைகட்டி, மரியாதையாக, கெஞ்சிச் சொன்னதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“இன்னொருக்காச் சொல்லுங்க சேர்” என்றேன். “பின்னுக்கு நிக்கிறவைக்கும் கேக்கோணும்.”

அவர் “முதல்ல கல்ல எடுங்க” என்றார்.

“எடுத்து எங்க வைக்கிற?”

“எங்கயாவது வையுங்க! மறுகா பாத்துக்கொள்ளுவம்.”

“மறுகா இல்ல சேர்” என்று அக்கா எழும்பினார். எழும்பினாலும் ஒரு கையைக் கல்லின் தலையில் வைத்துக்கொண்டார். “இதுக்குப் பக்கத்தில இருந்து நான் சோறாக்கினன். காலால முட்டாமச் சட்டி எறக்கினன். நித்திரையில எழும்பி எழும்பி இத வந்து பாத்தன். மறுகா எண்டு சொல்லிப்போட்டு நீங்க போயிருவீங்க. கல்லு எண்ட குசினிக்குத்தான் திரும்பி வரும். இது நிக்க வேண்டிய இடத்த நீங்க வந்து காட்டுங்க. காட்டினாத்தான் எடுப்பன்.”

கொழும்பு வாகனம் ஓட்டமாவடி தாண்டிவிட்டது, இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும் என்று தொலைபேசி வந்தது. சேர் என்னைப் பார்த்த பார்வைக்கு வேறு நேரமென்றால் நான் வீட்டுக்குப் போய் வேலை விட்ட கடிதம் எழுதியிருப்பேன். அன்று நான் அவரைத் திரும்ப அதே பார்வை பார்த்தேன். முடிவில் அவர் அக்காவின் வீட்டுக்குப் போக வாகனத்தில் ஏறினார். பஸ்தியாம்பிள்ளை கல்லைக் கிளப்பிப் பெட்டியில் போட்டார்.

அக்கா அவரை வீட்டைச் சுற்றிக் கூட்டிப்போகவில்லை. குசினியில் கல் நின்ற குழிக்குப் பக்கத்தில் நிறுத்தி, “இஞ்சேருந்து நடப்பம் சேர்” என்றார். பிரதீஸும் பஸ்தியாம்பிள்ளையும் கல்லை ஒரு தடியில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டார்கள். இந்த முறை பிரதீஸ் கேட்காமலே தோள் கொடுத்தார்.

குசினியிலிருந்து வீட்டுக்குள் போனோம். அறை. ஹோல். அந்தோனியார் படத்தைத் தாண்டும்போது சேர் தலையைக் குனிந்துகொண்டார். முன் விறாந்தை. முற்றம். கிணறு. கிணற்றடி வாழை. வெயில் ஏறிவிட்டது. பிறகு வலை காயப்போடும் கம்புகள், கவிழ்த்து வைத்த தோணி, அதற்கப்பால் மண்டிக் கிடந்த எருக்கலைச் செடிகள். கோடைத் தண்ணீர் இன்னும் எங்கேயோ தூரத்தில் மினுங்கியது. சேரின் சப்பாத்து மணலில் ஒருதரம் புதைந்தது. இழுத்தெடுத்தார். நெற்றியைத் துடைத்தார். கடைசியில் நின்றுவிட்டார்.

“இன்னும் எவ்வளவு தூரம் போகோணும்?”

மக்டலின் அக்கா முன்னால் நடந்துகொண்டிருந்தார். தன் கையால் ஊன்றிய கம்பை அவர் கண்டுவிட்டார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“கிட்டத்தான் சேர். இன்னும் அரை மில்லிமீற்றர்.”